பதினொரு அங்குலம்

லப்டொப்பைக் கொண்டுபோகவில்லை.
பிஸ்கட் பெட்டி மட்டையில்
அதன் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி
மூலை நான்கையும் அதைப்போலவே உருட்டி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்
கரடிப்போக்குச் சந்தியில்
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் தெருவை எட்டிப் பார்க்கும்
அந்தப் பைக்கடைக்கு.

"சாமான் எங்கை அக்கா?" என்றான் இசைநிலவன்.
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.
"இதுதான்."
மட்டையை வாங்கித் திருப்பினான்.
பின்பக்கம் இருந்த காலாவதித் திகதியை
மெதுவாக வாசித்தான்.

வீட்டில் பை இல்லாமல் இல்லை.
ஏழு பயிற்சிப்பட்டறை, ஏழு பை.
வாழ்வாதாரம் ஒன்று, தலைமைத்துவம் மூன்று,
கோழி வளர்ப்பு, கணக்கு வைப்பு, அனர்த்த முகாமைத்துவம்.
தந்தவர்களின் இலச்சினை முன்னுக்குப் பெரிதாக.
எல்லாம் கோப்புக்கென்று தைத்தவை.
என் சின்ன மெசின் அதற்குள்
குளத்தில் விழுந்த ஒற்றைச் செருப்பு.
அனர்த்தப் பையில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

முதலில் எடுத்துப் போட்டது கறுப்பு.
இரண்டு தோள்பட்டி, போத்தலுக்கு வலை,
அறைகள், அறைக்குள் அறைகள்.
"ஒன்பது சிப் அக்கா,"
தானே பெற்றதுபோலச் சொன்னான்.

ஒன்பதையும் இழுத்துப் பார்த்தேன்.
ஓமந்தையில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்
ஒரு சிப் ஒரு கேள்வி.
ஒன்றுமில்லாத அறைக்குத்தான்
பதில் சொல்ல நேரமெடுக்கும்.
அப்போது இவனுக்குப் பால்பல் விழுந்திருக்குமோ என்னவோ.
"ஒரு சிப் காணும் தம்பி."
"அது பழுதாப்போனா?"
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது மண்ணிறம், தோல் மாதிரி.
மட்டை உள்ளே போய்
அரை அங்குலம் வெளியே நின்றது.
"அரை அங்குலம்தானே" என்றான்.
அரை அங்குலம் போதும் மழைக்கு.

என் வேலை அப்படி. பயிர்க் காப்புறுதி.
வெள்ளம் படுத்த வயல், யானை மிதித்த வயல்,
தத்தி குடித்துச் சாம்பலாய் நிற்கிற வயல்,
வரம்பில் குந்தியிருந்து பதியவேண்டும்.
ஸ்கூட்டிக் கொளுக்கியில் தொங்கவேண்டும்,
முழங்காலில் இடிக்கக்கூடாது,
கிரவல் புழுதி நுழையக்கூடாது,
பார்த்தவுடன் விலை தெரியக்கூடாது.

"விலை தெரியக்கூடாதெண்டா..."
ஏணியில் ஏறி
மேல்தட்டிலிருந்து ஒன்றைத் தட்டி இறக்கினான்.
சாப்பாட்டுப் பை.
இளம்பச்சை. மூடியில் ஒரு அன்னாசிப்பழம்.
உள்ளே வெள்ளித்தாள், விரல் தடிப்பில் ஸ்பொஞ்ச்.
ஒரேயொரு சிப்.
மட்டை 'டப்' என்று போய் உட்கார்ந்தது.
கவிழ்த்தால்தான் வெளியே வந்தது.

"சோறு சூடாறாது அக்கா."
"மெசினுக்குச் சூடு கூடாது."
"அப்ப ஐஸும் வைக்கலாம்."
சிரித்ததற்கு நூறு ரூபா குறைத்தான்.
மட்டையைத் தரச்சொல்லிக் கேட்டு
மார்க்கரால் 11 என்று எழுதி
கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டான்,
இனி வாறவர்களுக்கு.

மறுநாள் முரசுமோட்டை.
வரம்பே தெரியவில்லை,
தண்ணீருக்கு மேல் மரவள்ளித் தலைகள் மட்டும்.
கதிரமலையர் பையைப் பார்த்தார், அன்னாசிப்பழத்தைப் பார்த்தார்.
"முதல்ல சாப்பிடுங்கோ மிஸ்,
வயல் எங்கை ஓடப்போகுது" என்று
கை கழுவச் செம்பில் தண்ணி கொண்டுவந்து
தானே ஊற்றினார்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
கழுவினேன்.
ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு
சிப்பை இழுத்தேன்.

மெசின் விழித்து
வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது.
செம்பைப் பிடித்தபடியே நின்றார்.

"விதைச்சது எவ்வளவு ஐயா?"
"மூண்டரை ஏக்கர்."
"அழிஞ்சது?"

குனிந்து செம்பைக் கீழே வைத்தார்.
"மூண்டரை."